ஒரே ஆள் மூன்று தடவை, அழித்த நம்பர் மறுநாள் திரும்ப: காண்டாக்ட், காலண்டர் சிங்க் சிக்கல்

தாழை (கேள்வி):

வணக்கம். ஒரு ஆன்ட்ராய்டு ஃபோன், ஒரு ஐஃபோன், ஒரு ஐபேட் இருக்கின்றன. கூகுள் கணக்கு மூன்றிலும், ஐகிளவுட் ஆப்பிள் சாதனங்கள் இரண்டிலும். இரண்டு கணக்கையும் சமமாக வைத்திருக்க, ஆன்ட்ராய்டில் மூன்றாவதாக ஒரு சிங்க் ஆப் ஓடுகிறது. பிரச்சினைகள்:

பாதிக்கு மேல் பெயர்கள் இரண்டாகவும் மூன்றாகவும் தெரிகின்றன. ஒன்றில் வீட்டு நம்பர், இன்னொன்றில் ஈமெயில் மட்டும். எல்லாவற்றையும் மெர்ஜ் செய்தால் ஓரிரு நாளில் மறுபடி பிரிந்து நிற்கின்றன. அழித்த ஆட்கள் திரும்பி வருகிறார்கள். தமிழில் சேமித்த சில பெயர்கள் =ஈ0=ஏஈ=95 என்ற மாதிரி ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாறிவிட்டன. சிலருடைய பிறந்த வருடம் 1604 என்று காட்டுகிறது. வேறு சிலருக்குப் பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் வந்து நிற்கிறது. கம்ப்யூட்டரில் போட்ட காலண்டர் நிகழ்வு ஐஃபோனுக்கு வர அரை மணி நேரம் ஆகிறது.

ஃபேக்டரி ரீசெட் வேண்டாம். இருக்கிற தகவல் எதுவும் போகாமல் இதை நேராக்க என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

---

முள்வேலி:

தாழை, நீங்கள் எழுதியதில் இரண்டு வெவ்வேறு வகைக் கோளாறு கலந்திருக்கிறது. இரட்டிப்பும் "அழித்தது திரும்புவதும்" சிங்க் அமைப்பின் கோளாறு. எழுத்துச் சிதைவும் 1604-ம் ஃபைல் வடிவத்தின் கோளாறு. முதலாவதைச் சரி செய்யாமல் இரண்டாவதைத் தொட்டால் திருத்தியதெல்லாம் வீண். நான் முதலாவதை மட்டும் சொல்கிறேன்.

காரணம் அந்த மூன்றாவது ஆப்தான். ஐஃபோனில் கூகுள் கணக்கும் ஐகிளவுட்டும் இரண்டும் காண்டாக்ட் காட்டுகின்றன. ஆன்ட்ராய்டில் அந்த ஆப் இரண்டுக்கும் நடுவே நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு காண்டாக்டுக்கும் யூஐடி என்று ஒரு அடையாளச் சரம் உண்டு. ஒரு சர்வருக்கும் ஃபோனுக்கும் நடுவில் அது மாறாது. ஆனால் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகல் போகும்போது பெரும்பாலும் புதிய யூஐடி ஒட்டப்படுகிறது. அந்த நொடியிலிருந்து சர்வரைப் பொறுத்தவரை அவர் வேறு ஆள். பெயரும் நம்பரும் ஒன்று என்பது நமக்குத்தான் தெரியும்.

அழித்தது ஏன் திரும்புகிறது என்றால், "இங்கே இல்லை" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: அழிக்கப்பட்டது, அல்லது இன்னும் வந்து சேரவில்லை. எது என்று தெரிய சிங்க் நிரலுக்குப் பழைய நினைவு வேண்டும். கார்ட்டேவ் என்ற காண்டாக்ட் சிங்க் முறையில் சர்வர் ஒரு சிங்க் டோக்கன் கொடுக்கும். அடுத்த முறை ஃபோன் அதைக் காட்டினால் "இதற்குப் பிறகு மாறியவை இவை, அழிந்தவை இவை" என்று பதில் வரும். டோக்கன் காலாவதியானாலோ, ஆப்பின் டேட்டாவைத் துடைத்தாலோ, அந்த நினைவு போய்விடும். அப்போது இரு பக்கத்தையும் முழுசாக ஒப்பிட வேண்டியிருக்கும். எச்சரிக்கையாக எழுதப்பட்ட ஆப் எதையும் அழிக்காது, இல்லாத பக்கத்துக்கு நகல் எடுத்து வைக்கும். நல்ல எண்ணம்தான், விளைவுதான் இப்படி.

வரிசை:

1. முதலில் மூன்றாவது ஆப்பை நிறுத்துங்கள். அன்இன்ஸ்டால் வேண்டாம், அதற்குள் சிங்க்கை மட்டும் ஆஃப். பிறகு ஆன்ட்ராய்டில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், கூகுள் கணக்கு, அக்கவுண்ட் சிங்க், காண்டாக்ட்ஸ் ஆஃப். ஐஃபோன், ஐபேட் இரண்டையும் ஏரோப்ளேன் மோடில் போட்டு வையுங்கள், வைஃபையும் ஆஃபா என்று பாருங்கள். ஆப்பிள் சாதனத்தில் காண்டாக்ட் ஸ்விட்சை இப்போதே அணைக்க வேண்டாம், காரணம் கீழே.

2. நகல். கூகுள் காண்டாக்ட்ஸ் வலைப்பக்கத்தில் எக்ஸ்போர்ட்: ஒன்று வீகார்டாக (காண்டாக்டுகளுக்கான பொது வடிவம், ஃபைல் பெயர் விசிஎஃப் என்று முடியும்), ஒன்று கூகுள் சிஎஸ்வியாக (அட்டவணை வடிவம்). ஐகிளவுட் வலைப்பக்கத்தில் எல்லாவற்றையும் தேர்ந்து வீகார்டு எக்ஸ்போர்ட். ஆன்ட்ராய்டு ஃபோனில் எந்தக் கணக்கிலும் சேராமல் "டிவைஸ்" என்ற பெயரில் கிடப்பவை தனி. அவற்றையும் ஃபோனின் காண்டாக்ட் ஆப்பில் எக்ஸ்போர்ட் எடுங்கள். சிம் கார்டில் ஏதாவது இருந்தால் அதுவும். ஃபைல் பெயரில் மூலமும் தேதியும் இருக்கட்டும். இந்த ஃபைல்களை எக்செலில் திறந்து "சும்மா பார்த்து" சேமித்துவிடாதீர்கள். நம்பரின் முன்னாலுள்ள கூட்டல் குறியும் பூஜ்யமும் போய்விடும், நீளமான எண் 9.19ஈ+11 மாதிரி சுருங்கும், யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறை) என்று சொல்லாமல் திறந்தால் தமிழ் குப்பையாகும். பார்க்க வேண்டுமானால் லிப்ரேஆஃபிஸ் கால்க்கில் எல்லாக் காலமையும் டெக்ஸ்ட் என்று குறித்துத் திறங்கள்.

3. ஒரே ஒரு கணக்கைத் தலைமையாக வையுங்கள். உங்கள் அமைப்பில் அது கூகுள். ஐஃபோன் கூகுள் கணக்கை எந்தத் துணை ஆப்பும் இல்லாமல் எடுத்துக்கொள்ளும். ஐகிளவுட்டை ஆன்ட்ராய்டில் கொண்டுவர டேவ்எக்ஸ்5 மாதிரி ஒரு ஆப்பும், ஆப்பிள் கணக்கில் தனியாக உருவாக்கும் ஆப்-ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்டும் வேண்டும். ஆப்பிள் கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால் அந்தத் தனிப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகும், சிங்க் சத்தமில்லாமல் நிற்கும். எல்லாமே ஆப்பிள் சாதனம் என்றால் ஐகிளவுட்டைத் தலைமையாக்கச் சொல்லியிருப்பேன்.

4. ஐகிளவுட் விசிஎஃப், டிவைஸ் விசிஎஃப் இரண்டையும் கூகுளில் இம்போர்ட் செய்யுங்கள், ஒவ்வொன்றாக. ஒவ்வொரு இம்போர்டுக்கும் தேதியுடன் ஒரு லேபிள் தானாகவே உருவாகும். தப்பாகப் போனால் அந்த லேபிளில் உள்ளவர்களை மட்டும் மொத்தமாக அழித்துவிடலாம். பிறகு மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ். அதில் "எல்லாவற்றையும் மெர்ஜ் செய்" பொத்தானை அமுக்கும் முன் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரே வீட்டு நம்பரைப் பகிரும் இருவரை ஒருவராக்கிவிடும் ஆபத்து உண்டு. நம்பர்களை நாட்டுக் குறியீட்டுடன், கூட்டல் குறியில் தொடங்கி வையுங்கள். நாட்டுக் குறியீடு உள்ளதும் இல்லாததுமாக இருந்தால் ஒரே நம்பர் இரண்டாகத் தெரியும்.

5. இப்போது ஐஃபோன். செட்டிங்ஸில் உங்கள் பெயர், ஐகிளவுட், காண்டாக்ட்ஸ் ஆஃப். "ஏற்கெனவே வந்த காண்டாக்டுகளை என்ன செய்ய?" என்று கேட்கும். கீப் ஆன் மை ஐஃபோன், டிலீட் ஃப்ரம் மை ஐஃபோன் என்று இரண்டு வழி. பயந்துபோய் எல்லோரும் கீப் அமுக்குகிறார்கள். அதுதான் பொறி: அந்த நகல்கள் எந்தக் கணக்கிலும் சேராத அனாதைகளாக ஃபோனில் தங்கும், கூகுளில் இருந்து வருவதோடு சேர்ந்து இரட்டிப்பாகும். 2-ம் படியை முடித்திருந்தால் தயங்காமல் டிலீட் கொடுங்கள். ஃபோனிலுள்ள நகல் மட்டும்தான் போகும், ஐகிளவுட் சர்வரில் உள்ளது அப்படியே இருக்கும். ஐபேடிலும் இதே.

6. கூகுள் சிங்க்கை ஒரு சாதனத்தில் மட்டும் இயக்குங்கள். கூகுள் வலைப்பக்கத்தில் இடப்பக்கம் காட்டும் மொத்த எண்ணும், ஐஃபோன் பட்டியலின் அடியில் காட்டும் எண்ணும் பொருந்த வேண்டும். பொருந்தினால் அடுத்த சாதனம்.

கடைசியாக, புதிதாகச் சேமிக்கும் நம்பர் எங்கே போகிறது என்பதைப் பூட்டுங்கள். ஐஃபோனில் காண்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் டிஃபால்ட் அக்கவுண்ட் கூகுளாக இருக்க வேண்டும் (ஒரே கணக்குதான் இயங்குகிறது என்றால் இந்த வரியே தெரியாது). ஆன்ட்ராய்டில் காண்டாக்ட் ஆப்பின் செட்டிங்ஸில் புதிய காண்டாக்டுக்கான கணக்கும் அதேபோல். இதை விட்டால் ஆறு மாதத்தில் மறுபடி இங்கே வருவீர்கள்.

---

சுழியம்:

முள்வேலி சொன்ன 4-ம் படிக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க தாழை. கெட்டுப்போன பெயரோட இம்போர்ட் பண்ணா மெர்ஜ் எதையும் பிடிக்காது.

=ஈ0=ஏஈ=95 வர்றது வீகார்டு 2.1 ஃபைல்ல இருந்து. பழைய ஃபோன்களும் சில ஆன்ட்ராய்டு காண்டாக்ட் ஆப்களும் எக்ஸ்போர்ட்டுக்கு இன்னும் அந்த வடிவத்தைத்தான் எழுதுது. அதுல ஆங்கிலம் அல்லாத எழுத்தை ஒவ்வொரு பைட்டா பிரிச்சு, சமக்குறி போட்டு, பதினாறடிமான எண்ணா எழுதணும். தமிழ்ல ஒரு குறி யூடிஎஃப்-8 முறையில 3 பைட். "க" என்பது ஈ0, ஏஈ, 95. ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தா விரியுது, ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. கிருஷ்ணமூர்த்தின்னு ஒரு பெயரை எடுத்துக்குங்க: மூல எழுத்து, உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணினா 15 குறி, ஃபைல்ல 135 எழுத்து. ஒரு வரி 76 எழுத்துக்கு மேல போகக் கூடாதுங்கறது விதி. அதனால வரி முடிவுல ஒரு தனிச் சமக்குறி போட்டு மீதி அடுத்த வரிக்குப் போகும். வாங்குற நிரல் அந்தத் தொடர்ச்சியைக் கவனிக்கலேன்னா பெயர் பாதியில அறுந்துடும். உங்க பட்டியல்ல "கிருஷ்ண"ன்னு மட்டும் நிக்கிற ஆட்கள் இருந்தா இதுதான் விஷயம்.

சரி பண்ண, விசிஎஃப் ஃபைலை டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து முதல் சில வரியைப் பாருங்க. வெர்ஷன் 2.1னு இருந்தா அதை அப்படியே கூகுளுக்கோ ஐகிளவுட்டுக்கோ கொடுக்காதீங்க. கம்ப்யூட்டர்ல தண்டர்பேர்ட் அட்ரஸ் புக்ல சும்மா ஒரு காலி புக் உருவாக்கி அதுல இம்போர்ட் பண்ணிப் பாருங்க. பெயர் எல்லாம் முழுசா வந்தா, அங்கேர்ந்து வீகார்டா எக்ஸ்போர்ட் பண்ணி, வெர்ஷன் வரி மாறியிருக்கான்னு மறுபடி பார்த்துட்டு மேலே ஏத்துங்க.

3.0-லயும் ஒரு சின்ன வில்லங்கம் இருக்கு. அதுல வரி 75 பைட்ல மடியும். பழைய நிரல்கள் எழுத்தா பைட்டான்னு பார்க்காம சரியா 75-ல வெட்டும், ஒரு தமிழ்க் குறியோட 3 பைட் இந்த வரியில ஒண்ணு அடுத்த வரியில ரெண்டுன்னு சிதறும். திரும்ப ஒட்டுற நிரல் சரியா இருந்தா பாதிப்பு இல்லை. இல்லேன்னா நடுவுல கேள்விக்குறி வெச்ச கறுப்பு டைமண்ட் தெரியும். 2011-ல வந்த 4.0-ல எழுத்தை நடுவுல பிளக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதிட்டாங்க.

இன்னொண்ணு, இதுதான் நிறையப் பேர் கண்ணுல படாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு "கோபால்" மெர்ஜ் ஆகலேன்னா யூனிகோட் வேறுபாடான்னு பாருங்க. "கோ"வுல வர்ற ஓகாரக் குறியை ஒரே குறியாவும் எழுதலாம் (யூனிகோட் எண் 0பிசிபி), ஏகாரக் கொம்பு, கால்னு ரெண்டு குறியாவும் எழுதலாம். ரெண்டும் திரையில ஒண்ணு, ஒப்பிடுற நிரலுக்கு வேற வேற. பைத்தான் தெரிஞ்சா மொத்த விசிஎஃப்பையும் யூனிகோட்டேட்டா மாட்யூல்ல என்எஃப்சி முறைக்கு (இப்படி ரெண்டா இருக்கிறதை ஒரே குறியாக்குற முறை) நார்மலைஸ் பண்ணிடலாம், நாலு வரி வேலை. ஆனா "ஔ"வுக்குப் பதில் "ஒ"வும் "ள"வும் சேர்த்துத் தட்டின "ஒளவை" எல்லாம் என்எஃப்சில சரியாகாது. அது எழுத்துப்பிழை, கையாலதான் தேடி மாத்தணும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறி நடுவுல உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான்.

1604: ஐஃபோன்ல வருஷம் இல்லாம பிறந்தநாள் போட்டா, ஃபைல்ல வருஷ இடத்துல 1604-ஐ நிரப்பி, பக்கத்துலயே "வருடத்தை விட்டுவிடு" அப்படின்னு ஆப்பிளோட சொந்தக் குறிப்பு ஒண்ணும் போகும். ஆப்பிள் அதைப் படிச்சு மறைச்சிடும். மத்த நிரல் குறிப்பைத் தூக்கிப் போட்டுட்டு தேதியை மட்டும் எடுக்கும். 1604 லீப் வருஷம், அதனால பிப்ரவரி 29-ம் அதுல அடங்கும். இம்போர்ட்டுக்கு முன்னாடியே எடிட்டர்ல 1604-ன்னு தேடி, பிறந்தநாள் வரியில இருக்கிறதை வருஷமில்லாத வடிவத்துக்கு மாத்துங்க: இரட்டைக் கோடு, மாதம், கோடு, நாள். மார்ச் 14-ன்னா --03-14. கூகுள் பக்கத்துல ஏற்கெனவே போயிட்டதுன்னா அங்கேயே வருஷக் கட்டத்தைக் காலி பண்ணிட்டா போதும்.

---

தாழை:

இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். கூகுள் காண்டாக்ட்ஸில் "அலுவலகம்", "உறவினர்" என்று லேபிள் போட்டிருக்கிறேன். அவை ஐஃபோனில் லிஸ்ட்டாக வருமா? மேலும், நடுவில் எங்காவது சொதப்பினால் பழைய நிலைக்கு வர வழி உண்டா, அல்லது எக்ஸ்போர்ட் ஃபைல் மட்டும்தானா?

---

முள்வேலி:

லேபிள் வராது. ஐஃபோனுக்குள் உள்ள கூகுள் இணைப்பு ஆட்களைக் கொண்டுவரும், லேபிளைக் கொண்டுவராது. குழுக்களுக்குப் பொதுவான ஒரே முறை இல்லாததுதான் மூலம்: சில சர்வர்கள் குழுவையே ஒரு தனி வீகார்டாக வைக்கின்றன, ஐகிளவுட் அந்த வகை. வேறு சில, ஒவ்வொரு ஆளின் கார்டிலும் "வகை" என்று ஒரு வரி எழுதுகின்றன. டேவ்எக்ஸ்5-ல் இந்த இரண்டில் எது என்று கேட்பதும் இதனால்தான். தப்பாகத் தேர்ந்தால் குழுப் பெயரே ஒரு ஆளாகப் பட்டியலில் நிற்கும்.

திரும்ப வர வழி உண்டு. கூகுள் காண்டாக்ட்ஸில் செட்டிங்ஸ் சக்கரத்தில் அண்டூ சேஞ்சஸ்: 10 நிமிடம், 1 மணி, நேற்று, 1 வாரம், அல்லது 30 நாளுக்குள் நீங்கள் கேட்கும் நேரம். முழுப் பட்டியலும் அந்த நேரத்து நிலைக்குப் போகும், அதற்குப் பிறகு சேர்த்தவை மறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐகிளவுட் வலைப்பக்கத்தில் டேட்டா ரெக்கவரியில் ரெஸ்டோர் காண்டாக்ட்ஸ் உண்டு, தேதி வாரியாகப் பழைய தொகுப்புகள் இருக்கும். ஆனாலும் எக்ஸ்போர்ட் ஃபைலை விடாதீர்கள். சிங்க் என்பது பேக்கப் இல்லை. அழித்ததையும் அதே விசுவாசத்தோடு எல்லா இடத்துக்கும் கொண்டு சேர்க்கும்.

---

நாழிகை:

காலண்டரை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

அரை மணி நேரத் தாமதம் பழுதல்ல, அமைப்பு. ஐஃபோனில் ஐகிளவுட் காலண்டருக்கு மாற்றம் நடந்ததும் சர்வரே தட்டிச் சொல்லும். கூகுள் கணக்கை ஐஃபோனின் சொந்தக் காலண்டரில் சேர்த்தால் ஃபோன்தான் போய்க் கேட்க வேண்டும். முன்பு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் முறையில் கூகுளின் இலவசக் கணக்குகளுக்கும் உடனடி வசதி இருந்தது. 2013 ஜனவரி முதல் புதிய சாதனங்களை அப்படி இணைக்க முடியாது. ஆக, அக்கவுண்ட்ஸ் பகுதியில் ஃபெட்ச் நியூ டேட்டாவுக்குள் போய் இடைவெளியை 15 நிமிடமாக்குங்கள். உடனே வேண்டுமென்றால் கூகுள் காலண்டர் ஆப்பையே போட்டுவிடுங்கள். அதைப் போட்ட பிறகு இரண்டு ஆப்பிலும் நினைவூட்டல் அடிக்கும். ஒன்றில் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள்.

ஆன்ட்ராய்டில் தாமதம் என்றால் முதல் சந்தேகம் பேட்டரி சிக்கனம். 2015-ல் வந்த ஆன்ட்ராய்டு 6.0 முதல், அசையாமல் கிடக்கும் ஃபோனில் பின்னணி வேலைகள் தள்ளிப்போடப்படும். டேவ்எக்ஸ்5 போன்றவற்றுக்கு ஆப் இன்ஃபோ, பேட்டரி, அன்ரெஸ்ட்ரிக்டட் கொடுக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் இதற்கு மேல் ஆட்டோஸ்டார்ட் என்று தனிப் பூட்டும் வைத்திருக்கிறார்கள், அதையும் திறங்கள்.

பழைய நிகழ்வுகள் ஐஃபோனில் காணவில்லை என்று தோன்றினால் பதறி மறுபடி இம்போர்ட் செய்ய வேண்டாம். காலண்டர் செட்டிங்ஸில் சிங்க் என்ற வரியில் எவ்வளவு பின்னால் வரை என்று ஒரு வரம்பு இருக்கும். ஆல் ஈவண்ட்ஸ் ஆக்கினால் வந்துவிடும்.

ஒரு நாள் முன்னால் நிற்கும் பிறந்தநாள்: தேதியை வெறும் தேதியாக வைக்காமல் "நள்ளிரவு 12 மணி" என்று நேரமாக மாற்றி, அதை உலகப் பொது நேரத்துக்குத் திருப்பிச் சேமிக்கும் நிரல்கள் உண்டு. கிரீன்விச்சுக்குக் கிழக்கே எங்கிருந்தாலும் உள்ளூர் நள்ளிரவு என்பது அங்கே முந்தைய நாள். திரும்பப் படிப்பவன் நேரத்தை வெட்டிவிட்டு தேதியை மட்டும் எடுத்தால் ஒரு நாள் குறைந்துவிட்டது. இதைக் காலண்டரில் திருத்திப் பயனில்லை. பிறந்தநாள் காலண்டர் காண்டாக்டிலிருந்து தானாக உருவாவது, ஆளின் கார்டில் தேதியை மாற்றினால்தான் நிற்கும்.

முழுநாள் நிகழ்வு ஒரு நாள் கூடவோ குறையவோ இருந்தால் அது வேறு. ஐகேலண்டர் ஃபைலில் (காலண்டர் நிகழ்வுகளுக்கான பொது வடிவம்) முடிவுத் தேதி நிகழ்வில் சேராது. 10, 11, 12 மூன்று நாள் விடுப்பு என்றால் முடிவு 13 என்றுதான் எழுத வேண்டும். கையால் சிஎஸ்வியிலிருந்து மாற்றுபவர்கள் 12 என்று எழுதி ஒரு நாளை இழப்பார்கள்.

மொத்த இம்போர்டுக்கு முன் ஒரு எச்சரிக்கை: ஃபைலில் அழைக்கப்பட்டவர்கள் வரி இருந்தால் சில சர்வர்கள் எல்லோருக்கும் புதிதாக அழைப்பு மெயில் அனுப்பிவிடும். முதலில் காலியான ஒரு சோதனைக் காலண்டர் உருவாக்கி, உங்கள் இரண்டு முகவரிகள் மட்டும் உள்ள ஒரே நிகழ்வை ஏற்றிப் பாருங்கள். மெயில் வந்தால் எடிட்டரில் அந்த வரிகளை நீக்கிவிட்டு மீதியை ஏற்றுங்கள். வாராந்திர நிகழ்வில் ஒரு வாரம் மட்டும் நேரம் மாற்றியிருந்தால், மூல நிகழ்வும் அந்த விதிவிலக்கும் ஒரே யூஐடியோடு இரண்டு துண்டாக இருக்கும். "டூப்ளிகேட் நீக்கும்" கருவிகள் அதில் ஒன்றைத் தின்றுவிடும். காலண்டருக்கு அந்தக் கருவிகளே வேண்டாம் என்பது என் கருத்து.

லிங்க் கொடுத்துச் சேர்த்த காலண்டர்கள் (விடுமுறைப் பட்டியல், விளையாட்டு அட்டவணை) சிங்க் அல்ல, சந்தா. படிக்க மட்டும்தான், புதுப்பிப்பும் கூகுள் தன் வசதிப்படி பல மணி நேரம் கழித்துத்தான் செய்யும். அதில் ஃபெட்ச் இடைவெளியை மாற்றி ஒன்றும் ஆகாது.

---

சுழியம்:

நாழிகை சொன்ன சோதனைக் காலண்டர் மாதிரியே காண்டாக்ட்டுக்கும் பண்ணிடுங்க. எல்லாரையும் ஒரே அடியா ஏத்தாம, அஞ்சு பேர் மட்டும் உள்ள ஒரு விசிஎஃப்: நீளமான தமிழ்ப் பெயர் ஒண்ணு, "கோ" வர்ற பெயர் ஒண்ணு, வருஷமில்லாத பிறந்தநாள், படம் வெச்ச கார்டு, மூணு நம்பர் உள்ள கார்டு. இதை ஏத்தி, மூணு சாதனத்துலயும் பார்த்துட்டு, ஒரு சாதனத்துல ஒரு நம்பரை மாத்தி, இன்னொண்ணுல ஒருத்தரை அழிச்சு, ரெண்டும் மத்ததுக்குப் போகுதான்னு பாருங்க. அழிச்ச ஆள் மறுநாளும் வராம இருந்தா மீதியை ஏத்தலாம்.

---

தாழை:

டிவைஸ் கணக்கிலிருந்து எடுத்த ஃபைல் 2.1-தான், ஐகிளவுட்டிலிருந்து எடுத்தது 3.0. மூன்றாவது ஆப்பை அணைத்துவிட்டேன். ஐந்து பேர் ஃபைலோடு தொடங்குகிறேன்.

---

முள்வேலி:

எல்லாம் நிலைத்த பிறகு அந்த ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யும்போது, அதற்கு முன் ஆன்ட்ராய்டின் அக்கவுண்ட்ஸ் பட்டியலில் அது தன் பெயரில் ஒரு கணக்கு உருவாக்கி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அந்தக் கணக்கை நீக்குங்கள், பிறகு ஆப்பை. கணக்கு உரிமைகளைத் திரும்பப் பெறுவதும் பாக்கி: கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் தேர்ட் பார்ட்டி இணைப்புகளில் அதை எடுத்துவிடுங்கள், ஆப்பிள் பக்கத்தில் அதற்குக் கொடுத்த ஆப்-ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்டை ரத்து செய்யுங்கள். சில சிங்க் சேவைகள் ஃபோனில் ஓடுவதில்லை, அவற்றின் சர்வரிலேயே ஓடும். ஆப்பை அழித்தாலும் வேலை நடந்துகொண்டே இருக்கும்.